பாரியும் பட்டமும்

சைதாப்பேட்டையில் மின்ரயிலேறிக் கடற்கரையில் இறங்கினால் பாரிமுனை. அது பறம்புமலை வள்ளலின் பெயரன்று. 1788இல் சென்னைக்கு வந்த வேல்ஸ் நாட்டு வணிகர் தாமஸ் பாரியின் பெயர்.

வேல்ஸ் மொழியில் 'ஆப்' என்றால் மகன். 'ஆப் ஹாரி', அதாவது ஹாரியின் மகன். அதுவே திரிந்து 'பாரி' ஆயிற்று. தலைமுறைதோறும் தந்தை பெயர் மாறி ஒட்டிவந்த அந்நாட்டில், 16ஆம் நூற்றாண்டில் ஆங்கில ஆட்சிமுறை இறுகிய பின்னரே குடும்பப் பெயர் நிலைக்கத் தொடங்கிற்று.

"வெள்ளையனுக்கும் குடும்பப் பெயர் உண்டே! நம் சாதிப்பட்டம் மட்டும் இழிவோ?" என்று கேட்கிறார்கள் பழமைக்குப் பல்லக்குத் தூக்குவோர்.

கேளுங்கள், தோழர்களே! ஸ்மித் என்றால் கொல்லர். டெய்லர் என்றால் தையற்காரர். அங்கே கொல்லர் பெயர்கொண்டவன் தையற்காரர் பெயர்கொண்டவளை மணந்தால் அரிவாள் எழுமா? ஊர்தான் இரண்டாகுமா? அந்தப் பெயர் மூதாதையின் தொழிலைச் சொல்லும். மனிதனின் உயரத்தை அளக்காது. நம் பட்டமோ அளப்பதற்கென்றே பிறந்த முழக்கோல்!

அதனாலன்றோ, 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயரின் பின்னொட்டிய சாதிப்பட்டத்தை விட்டொழிக்க முழங்கியது! தந்தையைக் காட்டத் தலைப்பெழுத்து ஒன்று போதும்; ஹாரியின் மகனுக்கும் அதுதானே தொடக்கம்!

ஆனால், பட்டம் போயிற்று, பகை போயிற்றா? சாதியைக் காட்டும் வண்ணக்கயிறு மாணவர் மணிக்கட்டில் ஏறியதைப் பார்த்தோமே! பெயரில் அறுத்த வாலைக் கையில் கட்டுவதா? ஆசிரியராகிய நாம் வருகைப் பதிவேட்டில் பெயர்களை வாசிக்கிறோம், சாதியை வாசிக்கமாட்டோம். இளைஞனே, கயிற்றை அவிழ்! உன் பெயர் உன்னைச் சொல்லட்டும்!