'கட்டி' என்று மட்டும் சொல்லலாமா?

நம்மில் பலர் வீட்டுக்கு வீடு மொழிபெயர்ப்பாளர்கள். பாட்டிக்கு மருத்துவமனைக் கடிதம் ஆங்கிலத்திலோ மலாயிலோ வரும், "என்னப்பா எழுதியிருக்கு?" என்று நம்மிடம்தான் நீட்டுவார்கள். 'டியூமர்' என்ற சொல் கண்ணில் பட்டதும், "கட்டியாம் பாட்டி" என்று முடித்துவிடுகிறோம். தமிழில் முதுகில் வரும் சீழ்க்கட்டியும் கட்டிதான், மார்பில் வரும் புற்றும் கட்டிதான். கேட்டவர் அரண்டுபோகிறார், இல்லையேல் மஞ்சள் அரைத்துப் பூசுகிறார்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்க் குறியீட்டுப் பட்டியல் இந்தக் குழப்பத்தை என்றோ தீர்த்துவிட்டது. அதன் 10ஆம் பதிப்பில் சி00 முதல் சி97 வரை புற்றுநோய்கள். டி10 முதல் டி36 வரை புற்றல்லாதவை: கொழுப்புக் கட்டி டி17, கருப்பைத் தசைக்கட்டி டி25. இவையும் வளரும், ஆனால் புற்றைப்போல் பக்கத்துத் திசுக்களில் ஊடுருவுவதில்லை, இரத்தத்தில் ஏறி நுரையீரலுக்கும் எலும்புக்கும் குடிபெயர்வதில்லை. தோன்றிய படலத்தைத் தாண்டாத தொடக்கநிலைப் புற்றுக்கு டி00 முதல் டி09. நுண்ணோக்கியில் பார்த்தும் குணத்தை அறுதியிட முடியாதவற்றுக்கு டி37 முதல் டி48. தெரியவில்லை என்பதற்கும் எண் ஒதுக்கிய அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது! 2022இல் நடப்புக்கு வந்த 11ஆம் பதிப்பில் குறியீடுகள் மாறின. இந்தப் பாகுபாடு மாறவில்லை.

அகராதியைப் புரட்டித் 'தீங்கற்ற கட்டி' என்று எழுதுவதும் எனக்கு உடன்பாடில்லை. மூளையுறையில் வரும் மெனிஞ்சியோமா பெரும்பாலும் புற்றல்லாதது, டி32. ஆனால் மண்டையோட்டுக்குள் கட்டி வளர இடமேது? அழுத்தினால் வலிப்பு வரும், பார்வையும் போகலாம். கருப்பைக் கட்டியால் மாதந்தோறும் இரத்தம் இழந்து, சோகையோடு வேலைக்குப் போய்வரும் அக்காமார் எத்தனை பேர்! அவர்களிடம் 'தீங்கற்றது' என்றால் மருத்துவரிடம் மீண்டும் போவார்களா? 'புற்று அல்லாத கட்டி' என்றால் போதும். சிகிச்சை வேண்டுமா என்பது அடுத்த கேள்வி.

"கத்தி பட்டால் பரவிடும்" என்ற அச்சம் இதைவிடப் பெரிய தடை. அப்படிப் பரவுவது மிக அரிது. தடவிப் பார்த்தும் ஸ்கேன் எடுத்தும் பல கட்டிகளின் குணத்தை உறுதிசெய்ய இயலாது. திசுவை எடுத்துச் சோதித்தாக வேண்டும். பயாப்சிக்கு மறுத்து நாள் கடத்துபவர், உண்மையிலேயே அது புற்றாக இருந்தால், குணப்படுத்தக்கூடிய காலத்தை இழக்கிறார்.

ஆண்டுதோறும் பட்டிமன்றம் நடத்துகிறோம், நடத்துவோம். அதோடு மருத்துவ மாணவரையும் தமிழ்த்துறை மாணவரையும் ஒரு மேசையில் உட்காரவைத்து, இந்த நான்கு வகையையும் ஒரே தாளில் எளிய தமிழில் எழுதவைக்கலாமே. அச்சிடுமுன் நம் அத்தைகளிடம் படித்துக் காட்டிப் புரிகிறதா என்று கேட்டுவிடுவோம்.