பழைய ஆட்டக்காரர்கள் போகத்தான் வேண்டுமா?

செவ்வாப்பேட்டையில் கிரிக்கெட் பிடிக்காத வீடுகள் இருக்கலாம். ஆனால் சென்னை சூப்பர் கிங்ஸ் தோற்ற இரவில் சோறு இறங்காத வீடு ஒன்றாவது இல்லாத தெரு இங்கே கிடையாது. மறுநாள் காலை மின்சார ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறினாலும் அதே பேச்சுத்தான். மடியில் பூவை வைத்துக் கட்டிக்கொண்டு வருகிற அம்மாக்கள்கூட, "அந்தப் பையனை முன்னாடியே இறக்கியிருக்கணும்" என்று தீர்ப்புக் கூறுவார்கள்.

2025ஆம் ஆண்டு அந்தத் தீர்ப்புகளுக்குப் பஞ்சமே இல்லாமற் போயிற்று. மார்ச் 28 அன்று நாங்கள் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வின் முதல் தாளை எழுதிவிட்டு வந்தோம். அன்று மாலை சேப்பாக்கத்தில் பெங்களூரு அணி நம்மை 50 ஓட்டங்களில் தோற்கடித்தது. 2008க்குப் பிறகு அந்த மைதானத்தில் அவர்கள் பெற்ற முதல் வெற்றி அது. அடுத்த வாரம் டெல்லி அணி வந்து வென்றது. அவர்களுக்கும் அங்கே 2010க்குப் பிறகு கிடைத்த முதல் வெற்றி. ஏப்ரல் 11 அன்று கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவர்களில் நாம் எடுத்தவை 103 ஓட்டங்கள். சொந்த மண்ணில் நம் அணி எடுத்தவற்றிலேயே மிகக் குறைவு. பிறகு ஐதராபாத், பிறகு பஞ்சாப் என்று சேப்பாக்கத்திலேயே தொடர்ந்து ஐந்து தோல்விகள். முடிவில் 14 ஆட்டங்களில் 4 வெற்றி. பத்து அணிகளில் பத்தாவது இடம். ஐந்து முறை கோப்பையை வென்ற அணி கடைசி இடத்துக்கு வந்தது அதுவே முதல் தடவை.

தேர்வு முடிந்த விடுமுறையில் எங்களுக்குள் இரண்டு கட்சிகள் பிறந்துவிட்டன. "பழைய ஆட்களை எல்லாம் அனுப்பிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும்" என்பது ஒரு கட்சி. "இந்த ஆட்களை நம்பித்தான் ஐந்து கோப்பை வந்தது, ஒரு வருடம் சறுக்கினால் அம்போ என்று விட்டுவிடுவதா?" என்பது மற்றொரு கட்சி. பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த பிறகும் இந்த வழக்கு தீரவில்லை. மதிய உணவு மணி அடித்தால் இதுதான். எனவே இரண்டு கட்சிகளும் சேர்ந்து உட்கார்ந்து யோசித்து எழுதியது இக்கட்டுரை. இதை எழுதுவதில் எங்களுக்கு ஒரு சொந்த அக்கறையும் உண்டு. அதைப் பின்னால் ஒளிவின்றிச் சொல்லிவிடுகிறோம்.

முதலில் பழையவர்கள் பக்கத்து நியாயத்தைப் பார்ப்போம். அது லேசானதன்று. 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகள் தடையில் இருந்துவிட்டு 2018இல் அணி திரும்பி வந்தபோது, "அப்பாக்களின் படை" என்று எல்லாரும் கேலி செய்தார்கள். தோனிக்கு 36 வயது, வாட்சனுக்கும் 36, ஹர்பஜனுக்கு 37. அந்த அப்பாக்கள்தாம் கோப்பையை எடுத்து வந்தார்கள். இறுதி ஆட்டத்தில் வாட்சன் மட்டும் 57 பந்துகளில் 117 ஓட்டங்கள் அடித்தார். பிறகு 2020இல் எட்டு அணிகளில் ஏழாவது இடம். இனி இந்தக் கூடாரம் காலி என்றார்கள். நிர்வாகம் பெரும்பாலும் அதே ஆட்களை வைத்துக்கொண்டு 2021இல் மீண்டும் கோப்பையை வென்றது. 2022இல் பத்தில் ஒன்பதாவது இடம். 2023இல் ஐந்தாவது கோப்பை. அகமதாபாத்தில் மழை பெய்து நள்ளிரவும் தாண்டிப்போன அந்த ஆட்டத்தை யார்தான் மறப்பார்கள்? கடைசி இரண்டு பந்துகளில் பத்து ஓட்டம் வேண்டும். ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி அடித்தார். எங்களில் ஒருத்தியின் பாட்டி அந்த நேரத்தில் தூக்கத்திலிருந்து எழுந்து, திருடன் வந்துவிட்டான் என்றே நினைத்துக்கொண்டாராம்.

இரண்டு முறை விழுந்து இரண்டு முறையும் பழைய ஆட்களோடேயே எழுந்த ஓர் அணி மூன்றாவது முறையும் அப்படியே எழலாம் என்று நம்பியதில் வியப்பில்லை. ஆனால் இங்கேதான் எங்களுக்கு ஒரு சந்தேகம் வந்தது. 2021இலும் 2023இலும் வென்றது பழையவர்கள் மட்டும்தானா?

கணக்கை எடுத்துப் பார்த்தோம். 2021இல் தொடரிலேயே அதிக ஓட்டம் எடுத்தவர் ருதுராஜ் கெய்க்வாட், 635 ஓட்டங்கள். அவர் புதியவர். 2020இல் எல்லாம் கைவிட்டுப் போன பிறகு, கடைசி மூன்று ஆட்டங்களில் அவரை இறக்கி வைத்திருந்தார்கள். மூன்றிலும் அரை சதம். அந்தக் கெட்ட வருடத்தின் கடைசி வாரத்தில் நட்ட நாற்றுத்தான் மறு வருடம் விளைந்தது. 2023இல் கண்டியிலிருந்து வந்த பதிரனா என்னும் இருபது வயதுப் பந்துவீச்சாளர் கடைசி ஓவர்களை வீசினார். துஷார் தேஷ்பாண்டே 21 விக்கெட்டுகள் எடுத்தார். ஆக, பழையவர்களை வைத்துக்கொண்டதால் மட்டும் வெற்றி வரவில்லை. அவர்களுக்குப் பக்கத்திலேயே யாரோ ஒரு புதிய ஆள் வளர்ந்துகொண்டிருந்தார்.

2025இல் அந்தப் பக்கத்து இடம் காலியாக இருந்தது. அதற்கு முந்திய நவம்பரில் ஜெட்டாவில் நடந்த பெரிய ஏலத்தில் நாம் வாங்கியவர்களைப் பாருங்கள். அசுவின் திரும்பி வந்தார். 9 கோடியே 75 லட்சம். நமக்கெல்லாம் மகிழ்ச்சிதான். ஆனால் அவருக்கு அப்போது 38 வயது. திரிபாதி, தீபக் ஹூடா, விஜய் சங்கர், சாம் கரன் எல்லாரும் பல அணிகள் பார்த்துவிட்டு வந்தவர்கள். நூர் அகமது என்ற இளைஞர் ஒருவர் 24 விக்கெட்டுகள் எடுத்து மானத்தைக் காப்பாற்றினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு இளைஞர்கள் எப்படி வந்தார்கள்? ருதுராஜின் முழங்கை உடைந்ததால் அவருக்குப் பதிலாக 17 வயது ஆயுஷ் மாத்ரே வந்தார். குர்ஜப்னீத் சிங் காயம்பட்டதால் டிவால்ட் பிரெவிஸ் வந்தார். வன்ஷ் பேடி காயம்பட்டதால் உர்வில் படேல் வந்தார். மூன்று பேரும் காயத்தின் புண்ணியத்தில் வந்தவர்கள்! மாத்ரே பெங்களூருக்கு எதிராக 48 பந்தில் 94 அடித்தார். பிரெவிஸ் கொல்கத்தாவில் ஓர் அரை சதம், அகமதாபாத்தில் 23 பந்தில் 57. அந்தக் கடைசி ஆட்டத்தில், பட்டியலில் மேலே இருந்த குஜராத்தை 83 ஓட்டங்களில் வென்றோம். யாருக்கும் அடிபடாமல் இருந்திருந்தால் இந்தப் பையன்களை நாம் பார்த்தே இருக்க மாட்டோம் என்று நினைக்கும்போதுதான் கோபம் வருகிறது.

(இன்னொரு கோபமும் உண்டு. அதே 2025இல் தொடரிலேயே அதிக ஓட்டம், 759, எடுத்தவர் நம் சென்னைப் பிள்ளை சாய் சுதர்சன். ஆடியது குஜராத்துக்கு. 2022 ஏலத்தில் அவர் விலை 20 லட்சம்தான். இதைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதும் அளவுக்கு எங்களிடம் ஆத்திரம் இருக்கிறது. ஆசிரியர் குழு பக்கம் தரவில்லை.)

எங்கள் தோழி ஒருத்தியின் அப்பா காக்களூர் தொழிற்பேட்டையில் கடைசல் வேலை செய்கிறார். எங்கள் வழக்கைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது இது: "பெரியவர் ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் இருக்கும்போதே ஒரு அப்ரண்டிஸ் பையனைப் பக்கத்தில் நிறுத்திவிடணும். அளவெல்லாம் தாளில் எழுதியிருக்கும்மா. ஆனா மெஷின் சத்தம் மாறினா என்ன அர்த்தம்னு தாளில் இருக்காது. அவர் போன அப்புறம் பையனை எடுத்தா, அந்தச் சத்தத்தை யார் சொல்லிக் கொடுப்பது?" கிரிக்கெட்டே பார்க்காத அவர் எங்கள் இரண்டு கட்சியையும் வாயடைத்துவிட்டார்.

இந்தக் கண்ணோடு 2025 கடைசியில் நடந்ததைப் பார்க்கிறோம். நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டுச் சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். டிசம்பர் 16 அன்று அபுதாபி ஏலத்தில் பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரண்டு இளைஞர்களை ஆளுக்கு 14 கோடியே 20 லட்சத்துக்கு எடுத்தார்கள். இந்திய அணிக்கே ஆடாதவர்களுக்கு அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. ஒரே வருடத்தில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்விட்டார்கள்.

இதில் பாதி சரி, பாதி தவறு என்பது எங்கள் கருத்து. கார்த்திக் சர்மா விக்கெட் கீப்பர். சாம்சனும் கீப்பர். தோனி இன்னும் அணியில் இருக்கும்போதே அவர்களைக் கொண்டுவந்தது, கடைசல் பட்டறை அப்பா சொன்ன வழிதான். ஆனால் பிரசாந்த் வீர் இடக்கையால் சுழல் வீசி, இடக்கையால் மட்டை பிடிக்கிற பையன். அவன் பக்கத்தில் ஒரு வருடமாவது நிற்க வேண்டிய ஆள் யார்? 2012இல் நம்மிடம் வந்த, அதே இடக்கை ஜடேஜா அல்லவா? அவரை அனுப்பிவிட்டு, அவரைப் போல ஒருவனைத் தேடிப் பதினான்கு கோடி கொடுத்திருக்கிறோம். குருவை ஊருக்கு அனுப்பிவிட்டுச் சீடனைச் சேர்த்த கதை.

தோனியைப் பற்றி எழுதாமல் தப்பிக்கலாம் என்றுதான் பார்த்தோம், முடியாது. பெங்களூரு ஆட்டத்தில் அவர் ஒன்பதாவது ஆளாக இறங்கினார். அப்போது ஆட்டம் முடிந்துபோயிருந்தது. பதினோரு பேரில் ஒருவர் ஒன்பதாவதாகத்தான் வருவார் என்றால், மற்ற பத்துப் பேரும் அவருக்காகவும் சேர்த்து ஆட வேண்டும். அவரிடம் கற்றுக்கொள்ள மலையளவு இருக்கிறது என்பதில் எங்களுக்குள் கட்சியே இல்லை. கற்றுக்கொடுக்க மைதானத்துக்குள்தான் நிற்க வேண்டுமா என்பதில்தான் கட்சி. ஓட்டெடுத்தோம்: நிற்கட்டும் என்று பதினெட்டு, வெளியே உட்காரட்டும் என்று பதினாறு. எழுதுகிற நாங்கள் பதினாறில்.

இனி ஆண்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு, 2025 அக்டோபரில் நம் பெண்கள் அணிக்கு நடந்ததைப் பார்ப்போம். உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்று தொடர்ந்து மூன்று தோல்விகள். அணியைக் கலைத்துப் போடு என்ற குரல் அப்போதும் எழுந்தது. இங்கிலாந்து ஆட்டத்துக்கு ஜெமிமா ரொட்ரிக்ஸை வெளியே உட்கார வைத்தார்கள். ஆனால் கூண்டோடு மாற்றவில்லை. அடுத்த ஆட்டத்துக்கே ஜெமிமாவைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அரையிறுதியில் ஆஸ்திரேலியா வைத்த 339 என்ற இலக்கை, அவர் ஆட்டமிழக்காமல் எடுத்த 127 ஓட்டங்களால் தாண்டினோம். 21 வயது ஷபாலி வர்மா முதல் பட்டியலிலேயே இல்லாதவர். பிரதிகா ராவல் காயம்பட்டதால் வந்தார். இறுதி ஆட்டத்தில் 87 ஓட்டங்கள், இரண்டு விக்கெட்டுகள். அதே ஆட்டத்தில் தீப்தி சர்மா 58 ஓட்டங்களும் ஐந்து விக்கெட்டுகளும் எடுத்தார். தீப்தி, ஸ்மிருதி, ஹர்மன்பிரீத் மூவரும் 2017இல் லார்ட்ஸ் மைதானத்தில் ஒன்பது ஓட்டங்களில் கோப்பையை இழந்த அணியில் இருந்தவர்கள். மிதாலியும் ஜூலனும் 2022இல் ஓய்வு பெற்றார்கள்; இந்த மூவரும் எட்டு வருடம் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பில் ஷபாலிகளும் வளர்ந்தார்கள்.

இப்போது அந்தச் சொந்த அக்கறை.

எங்கள் பள்ளி எறிபந்து அணியில் ஆடும் ஏழு பேரில் ஐந்து பேர் பதினொன்றாம் வகுப்பு. ஏழாம் வகுப்பிலிருந்து ஒன்றாக ஆடுகிறோம். யார் எங்கே எறிவாள் என்பது கண்ணைக் கட்டினாலும் எங்களுக்குத் தெரியும். அது எதிரணிக்கும் தெரிந்துவிட்டது போலும். இரண்டு வருடமாக முதல் சுற்றிலேயே திரும்பி வருகிறோம். நவம்பரில் ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளோடு பயிற்சி ஆட்டம் ஆடினோம். தோற்றோம். ஒரு செட்கூடக் கிடைக்கவில்லை. வெயில் கண்ணில் அடித்தது என்று சிஸ்டரிடம் சொன்னோம். மைதானத்தின் அந்தப் பக்கம் வேப்பமர நிழல் என்பது சிஸ்டருக்கும் தெரியும்.

"அடுத்த வருடம் அணியை எப்படி அமைக்கலாம், நீங்களே சொல்லுங்கள்" என்று பி.டி. மிஸ் எங்களிடமே கேட்டிருக்கிறார். பன்னிரண்டாம் வகுப்பு எங்களுக்குக் கடைசி வருடம். ஐந்து பேரும் ஆட வேண்டும் என்றுதான் மனம் கேட்கிறது. ஐந்து பேரும் ஆடினால், அதற்கடுத்த வருடம் இந்தப் பள்ளியில் ஒரு பெரிய ஆட்டம் ஆடிப் பார்த்தவள் ஒருத்திகூட இருக்க மாட்டாள். ஐந்து பேரும் விலகினால், ரயில் சத்தத்தையும் மீறிக் கத்தி, "பின்னால் போ, இரண்டு கையாலும் பிடி" என்று சொல்ல உள்ளே ஆள் இல்லை. தங்கைகளுக்குக் கை இருக்கிறது, பதற்றமும் இருக்கிறது.

ஆகவே நாங்கள் எழுதிக் கொடுத்திருப்பது இது: இருவர் இருக்கட்டும், முதல் எறி எறிகிறவளும் நடுவில் நிற்கிறவளும். மூவர் விலகி, தங்கள் இடத்துக்கு வரும் தங்கைக்கு ஜூன் முழுவதும் மாலையில் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுக்கட்டும். ஆட்டத்தன்று அவர்கள் மாற்று ஆட்களாகப் பெஞ்சில் இருப்பார்கள்.

விலகும் மூவரில் இருவர் இக்கட்டுரையை எழுதுகிற நாங்கள். எங்கள் 4ஆம் எண், 7ஆம் எண் சட்டைகளைத் துவைத்து மடித்து மிஸ்ஸிடம் கொடுத்துவிட்டோம். 4ஐ யாரும் கேட்கவில்லை. 7ஐக் கேட்டு ஒன்பதாம் வகுப்பில் இப்போதே மூன்று பேர் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

— பதினொன்றாம் வகுப்பு மாணவியர்