புதுக்கணினி சுமக்குமா?

ஆனி மாதம் பிறந்துவிட்டால் சங்கரன்கோவிலில் இருவகைப் பேச்சு எழும். ஒன்று, வரவிருக்கும் ஆடித்தபசுத் திருவிழாவைப் பற்றியது. மற்றொன்று, பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு வாங்க வேண்டிய மடிக்கணினியைப் பற்றியது. விசைத்தறியின் ஓசையோடு பொழுது விடியும் இவ்வூரில், மடிக்கணினி என்பது பல மாதக் கூலியின் சேமிப்பாகவோ தவணைக் கடனாகவோதான் வீட்டுக்குள் நுழைகிறது. அது முதல் நாளிலேயே தடுமாறினால், அவ்வீட்டார்க்கு நேரும் இழப்பு சிறிதன்று.

சில ஆண்டுகளுக்கு முன் என் அண்ணன் வீட்டில் இதனை நேரில் கண்டேன். புத்தம் புதிய மடிக்கணினி, 4 ஜி.பி. நினைவகம், சுழலும் வன்தட்டு, விண்டோஸ் 11 இயங்குதளம். பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் போட்டுக் குடித்து முடித்த பின்னரே அது பணிக்கு ஆயத்தமாயிற்று. “இது புதுசுதானே, சித்தப்பா?” என்று அண்ணன் மகள் கேட்டாள். விற்றவரிடம் சென்று வினவினோம். அவ்வியங்குதளத்துக்குத் தேவையென அறிவிக்கப்பட்ட அளவுகள் யாவும் அதில் உள்ளன என்றார். அவர் கூறியது பொய்யன்று. சிக்கலே அதுதான்.

குறைந்த அளவு என்னும் பொறி

விண்டோஸ் 11க்கு அறிவிக்கப்பட்ட குறைந்த அளவு 4 ஜி.பி. நினைவகம், 64 ஜி.பி. சேமிப்பகம். இவ்வளவு இருந்தால் இயங்குதளத்தை நிறுவிவிடலாம். நிறுவிய பின் எஞ்சுவது என்ன என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. நினைவகத்தைப் படிக்கும் மேசையாகவும் சேமிப்பகத்தைப் புத்தக அலமாரியாகவும் கொள்வோம். இயங்குதளம் தன் பொருள்களையே மேசையின் பெரும்பகுதியில் பரப்பிக்கொண்டால், மாணவர் தம் ஏட்டை வைக்க இடம் இராது. ஒன்றை எடுத்து வைக்க மற்றொன்றை அலமாரிக்கு அனுப்ப வேண்டும்; பின்பு அதனையே மீண்டும் கொண்டுவர வேண்டும். அலமாரியாக இருப்பது சுழலும் வன்தட்டு எனில், அதன் முள் தட்டின்மீது இடம்விட்டு இடம் நகர்ந்து ஒவ்வொன்றையும் தேடியாக வேண்டும். அசையும் உறுப்பு எதுவுமில்லாத எஸ்.எஸ்.டி. என்னும் திண்மநிலைச் சேமிப்பகத்துக்கு இத்தொல்லை இல்லை. ஆகவே செயலியின் பெயரை மட்டும் பார்த்துக் கணினி வாங்குவது, மோட்டாரின் திறனை மட்டும் கேட்டுவிட்டுத் தறியைப் பாராமல் வாங்குவதற்கு ஒப்பாகும்.

இது இன்று தோன்றிய குறையும் அன்று. 2007 ஜனவரியில் விண்டோஸ் விஸ்டா பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே, விற்பனையில் இருந்த புதிய கணினிகளின்மேல் ‘விஸ்டாவுக்கு ஏற்றது’ என்னும் பொருள்பட ஒட்டுத்தாள் ஒட்டப்பட்டது. 512 எம்.பி. நினைவகம் இருந்தாலே அவ்வொட்டுத்தாள் கிடைத்தது. ஆனால், விளம்பரங்களில் காட்டப்பட்ட ஒளிபுகும் சாளரங்கள் அவற்றுள் பலவற்றில் தோன்றவே இல்லை. அவை அடிப்படைப் பதிப்பை மட்டுமே தாங்கின. வாங்கியோர் அமெரிக்காவின் சியாட்டில் நகர நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். அவ்வழக்கில் வெளிவந்த மின்னஞ்சல்கள் சுவையானவை. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் துணைத் தலைவர் ஒருவரே 2,100 டாலர் கொடுத்து வாங்கிய கணினி, மின்னஞ்சல் பார்க்க மட்டுமே உதவுகிறது என்று அதில் நொந்துகொண்டிருந்தார். அனைவருக்குமான கூட்டு வழக்கு என்னும் தகுதியை 2009இல் நீதிமன்றம் விலக்கிக்கொண்டது. ஆயினும், ‘ஏற்றது’ என்னும் சொல் எத்துணை நெகிழ்வானது என்பதை உலகம் அறிந்துகொண்டது.

விண்டோஸ் 95 கேட்ட குறைந்த நினைவகம் 4 எம்.பி.; 2021இல் வந்த விண்டோஸ் 11 கேட்பது 4 ஜி.பி. இருபத்தாறு ஆண்டுகளில் ஆயிரம் மடங்குக்கும் மேல்! நாம் எழுதும் கடிதம் ஆயிரம் மடங்கு நீண்டுவிடவில்லை. வன்பொருள் விரைவு பெறுவதைவிட மென்பொருள் மந்தமாவது வேகமாக நிகழ்கிறது என்னும் கருத்தைச் சுவிட்சர்லாந்து அறிஞர் நிக்லாஸ் விர்த் 1995இலேயே எடுத்துரைத்தார். வன்பொருள் மலிவாகக் கிடைப்பதால் சிக்கனமாக எழுத வேண்டும் என்னும் கவலை மென்பொருளாளரிடம் குறைந்துவிட்டது. அச்சோம்பலுக்கான விலையைக் கொடுப்பவர் வாங்குபவரே.

வளர்ச்சி முழுவதையும் வீண்சுமை என்று தள்ளுவதும் நேர்மையாகாது. விண்டோஸ் 11 வேண்டும் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு, மறைகுறிகளைக் களவு போகாமல் காக்க உதவுகிறது. வங்கிக் கணக்கு கணினிக்குள் வந்துவிட்ட காலத்தில் அது வேண்டுவதே. ஆனால், அதனோடு விதிக்கப்பட்ட செயலிப் பட்டியல், 2017க்கு முற்பட்ட இன்டெல் செயலிகளுள் மிகப் பெரும்பாலானவற்றை வெளியே நிறுத்திவிட்டது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்டவை எவையும் இப்பட்டியலுக்குள் வாரா. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவும் 2025 அக்டோபர் 14உடன் முடிவுற்றது.

மாற்று நம் கையில்

அரசு மடிக்கணினிகளில் விண்டோசுடன் ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் இயங்குதளமும் சேர்த்தே வழங்கப்பட்டதைப் பலர் மறந்துவிட்டனர். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய இது, 2007இல் வெளிவந்தது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பணியாற்ற வல்லது. எனக்குத் தெரிந்த பிள்ளைகளுள் பெரும்பாலோர் அதனை ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை. பதினோராம் வகுப்புக் கணினிப் பாடநூலிலேயே உபுண்டு லினக்ஸ் இடம்பெற்றுள்ளது. தேர்வுக்குப் படித்ததை வீட்டுக் கணினியில் ஏற்றிப் பார்க்கும் துணிவு மட்டும் நமக்கு வரவில்லை.

கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என 2025-26ஆம் ஆண்டுத் தமிழக நிதிநிலை அறிக்கை அறிவித்தது. அதற்கான ஒப்பந்தப்புள்ளியில் 8 ஜி.பி. நினைவகமும் 256 ஜி.பி. திண்மநிலைச் சேமிப்பகமும் கேட்கப்பட்டமை பாராட்டத்தக்கது. நிறுவனம் அறிவித்த குறைந்த அளவை ஏற்காமல், அதற்கு மேலான அளவை வாங்குபவரே விதித்தார். மொத்தமாக வாங்கும் அரசுக்கு அவ்வலிமை உண்டு. கடையில் ஒன்றே ஒன்று வாங்கும் நெசவாளிக்கு இல்லை. அவருக்கு ஒரு குறியீடு வேண்டும். குளிர்பதனப் பெட்டியின்மேல் அதன் மின்செலவைக் காட்டும் நட்சத்திரக் குறியீடு நம் நாட்டில் கட்டாயமாக உள்ளது. அதுபோல, இயங்குதளம் ஏற்றப்பட்ட நிலையில் ஒரு கணினி பணிக்கு ஆயத்தமாக எத்தனை நொடி ஆகும், நினைவகத்தில் எவ்வளவு எஞ்சும், எந்த ஆண்டுவரை பாதுகாப்பு ஆதரவு கிடைக்கும் ஆகிய மூன்றையும் பெட்டியின்மேல் தமிழில் அச்சிட வேண்டும் என்று சட்டம் செய்தால் என்ன? விற்பவர்க்கு இதனால் பெருஞ்செலவு ஏற்படப்போவதில்லை.

அதுவரை, கடையில் நிற்கும்போது “இதில் விண்டோஸ் 11 ஓடுமா?” என்று கேட்காதீர்கள். ஓடும் என்ற விடையே வரும். இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். இணைய உலாவியில் நான்கைந்து பக்கங்களைத் திறந்து, ஒரு காணொலியை ஓடவிட்டு, அதனிடையே ஒரு பக்கம் தட்டச்சு செய்து பாருங்கள். பிற்காலத்தில் நினைவகத்தைக் கூட்ட இடமுள்ளதா, அது பலகையோடு பற்றவைக்கப்பட்டதா என்றும் கேளுங்கள்.

அண்ணன் மகளின் மடிக்கணினியை நாங்கள் தூக்கி எறியவில்லை. அதன் வன்தட்டைக் கழற்றித் திண்மநிலைச் சேமிப்பகம் ஒன்றைப் பொருத்தினோம். நினைவகத்தை 8 ஜி.பி. ஆக்கினோம். இப்போது தேநீர் கொதிப்பதற்குள் அவள் பாதிப் பக்கம் எழுதிவிடுகிறாள்.