கார்த்திகைக்கு வயது என்ன?

விளக்கீடு கழிந்து நிலவு பிந்தி எழும் நாட்களில், மழை ஓய்ந்த முன்னிரவிலே நெளுக்குளத்துக் குளக்கட்டில் நின்று கீழ்வானை நோக்கினால், சிறு கொத்தாய் மினுங்கும் கார்த்திகையைக் காணலாம். வெறுங்கண்ணுக்கு ஆறு மீன்கள். உண்மையிலோ அங்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட உடுக்கள் உள. அக்கூட்டத்தின் வயதை அறிஞர் எங்ஙனம் கணித்தனர்?

கூட்டத்து உடுக்கள் ஏறத்தாழ ஒரே காலத்திற் பிறந்தவை. மூன்று மாத நெல்லையும் நான்கு மாத நெல்லையும் கலந்து ஒரே நாளில் விதைத்த வயலை எண்ணிப் பாருங்கள். எது முற்றியது, எது பச்சையாய் நிற்கிறது என்று கண்டே விதைத்த காலத்தை நம் கமக்காரர் சொல்லிவிடுவார்.

உடுக்களிற் பருத்தவையே விரைவில் முற்றுவன. ஞாயிறு தன் நடுவிலுள்ள ஐதரசனைக் கொண்டு ஏறத்தாழ 1000 கோடி ஆண்டு ஒளிரும். இருமடங்கு பொருளுடைய உடுவோ 100 கோடி ஆண்டளவிலேயே அதனைத் தீர்த்துவிடும். தீரும்போது நிகழ்வதைக் கணக்கிட்டவருள் ஒருவர் சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். நடுவிற் சேரும் ஈலியச் சாம்பல் உடுவின் பொருளிற் பத்திலொரு பங்களவை எட்டியதும், அது மேலுள்ள பாரத்தைத் தாங்காது சுருங்கும் என்று 1942இல் அவரும் பிரேசில் நாட்டு மாரியோ ஷொன்பேர்க்கும் காட்டினர். அதன்பின் உடு பெருத்துச் செந்நிறங் கொள்ளும். ஆகவே, எப்பருமனுள்ள உடுக்கள் இப்பொழுது அந்நிலையை அடைகின்றன என்று கண்டால், கூட்டத்தின் வயது விளங்கும்.

இம்முறையாற் கார்த்திகைக்கு 7 அல்லது 8 கோடி ஆண்டு என முன்பு மதித்தனர். 1990களிலே வேறொரு சாட்சி கிடைத்தது. மிகச் சிறிய உடுக்கள் சுருங்கிச் சூடேறுகையில் தம்மிடமுள்ள இலிதியத்தை அழித்துவிடும். சிறுக்கச் சிறுக்க அதற்குக் காலம் கூடும். கார்த்திகையில் எவ்வளவு மங்கலான உடுக்களில் இலிதியம் எஞ்சியுள்ளதென ஹவாயிலுள்ள கெக் தொலைநோக்கியால் ஆராய்ந்தபோது, வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டு என்று தெரிந்தது.

பிழை எங்கே? பருத்த உடுவின் கொதிக்கும் நடுப்பகுதி தன் எல்லையைக் கடந்தும் கலங்கி, புறத்தேயுள்ள எரிபொருளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதனால் நீண்டகாலம் நிலைக்கிறது. பழைய கணக்கு இதனைச் சேர்க்கவில்லை.

மாணவர்காள்! அங்கே கூட்டல் தவறவில்லை. தொடக்கத்திற் கொண்ட கருத்தே குறைவுற்றிருந்தது. எத்தனை முறை அதே கணக்கைச் செய்தாலும் அக்குறை தோன்றியிராது. வேறு வழியால் வந்த விடையே அதனைக் காட்டிக்கொடுத்தது. பூமியில் டைனசோர்கள் உலவிய காலத்திற் பிறந்த அம்மீன்களை, மழை விட்ட இரவொன்றில் பிள்ளைகளை முற்றத்துக்கு அழைத்துக் காட்டுவோமாக.