மூன்று மாதத் தடை, முப்பது லட்சக் கடன்

தில்லியில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். சிவப்பு விளக்கைத் தாண்டிச் சென்றதற்காக அவருடைய டிரைவிங் லைசென்ஸ் மூன்று மாதங்களுக்கு சஸ்பெண்ட் செய்யப்படுகிறது. லைசென்ஸ் போக்குவரத்து அலுவலகத்தில் இருக்கிறது. இன்ஷூரன்ஸ் பாலிசியோ கார் டேஷ்போர்டில் பத்திரமாக இருக்கிறது. பிரிமியம் பாக்கியில்லை. 'இன்ஷூரன்ஸ் காருக்குத்தானே' என்று நினைத்து மனிதர் வழக்கம்போல் கடைக்குக் காரில் கிளம்புகிறார். மூன்றாவது வாரம், பெயின்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு சைக்கிள்காரர் மீது கார் மோதுகிறது. அவர் இறந்துபோகிறார்.

பாலிசியை வாங்கியவர்களில் மிகச் சிலரே படித்திருக்கும் ஒரு வாசகம் அப்போதுதான் உயிர் பெறுகிறது. காரை ஓட்டுபவரிடம் விபத்து நேரத்தில் செல்லத்தக்க லைசென்ஸ் இருக்க வேண்டும். லைசென்ஸ் வைத்திருக்கத் தகுதி நீக்கம் செய்யப்பட்டவராக அவர் இருக்கக் கூடாது. இந்தியாவில் விற்கப்படும் கார் பாலிசிகளில் வழக்கமாக இருக்கும் நிபந்தனை இது. 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 23ஆவது பிரிவும் அதையேதான் சொல்கிறது: தடைக்காலம் முடியும்வரை லைசென்ஸ் செல்லாது. அட்டையில் அச்சிட்டுள்ள காலாவதித் தேதி பத்து வருடம் தள்ளியிருந்தாலும் பயனில்லை.

இப்படிச் சிக்குகிறவர்கள் குடிகாரர்களும் ரவுடிகளும் மட்டுமல்ல. அதிவேகம், சிக்னலை மீறுவது, செல்போனில் பேசியபடி ஓட்டுவது, குடித்துவிட்டு ஓட்டுவது, சரக்கு வண்டியில் அதிக பாரம் ஏற்றுவது ஆகியவற்றுக்குக் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை சஸ்பெண்ட் செய்யும்படி, உச்ச நீதிமன்றம் நியமித்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015இல் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. ஆபீஸ் போகும் சாதாரண ஆசாமியும் அந்த வரிசைக்கு வந்துவிட்டார்.

தடைக்காலத்தில் ஓட்டிப் பிடிபட்டால் 182ஆவது பிரிவின்படி மூன்று மாதம்வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 2019ஆம் வருடத் திருத்தம் வரும்வரை அபராதம் வெறும் 500 ரூபாய். திருத்தத்துக்குப் பிறகு 10,000 ரூபாய். ஆனால் விபத்து நடந்துவிட்டால் இந்த அபராதம் சில்லறைக் காசு. நிஜமான அடி வேறு இடத்தில் விழுகிறது.

முதலில் சொந்தக் கார். நசுங்கிய பானெட்டையும் உடைந்த கண்ணாடியையும் சரிசெய்ய இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுக்கலாம். விபத்தன்று டிரைவரின் லைசென்ஸ் காலாவதியாகியிருந்த ஒரு வழக்கில், கம்பெனி கையை விரித்தது சரியே என்று 2009இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அடுத்தது, உரிமையாளரே ஓட்டி இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டிய தனிநபர் விபத்துக் காப்பீடு. அதற்கும் செல்லத்தக்க லைசென்ஸ் வேண்டும். பிரிமியம் கட்டிய ரசீது மட்டும் போதாது.

மூன்றாவதுதான் பெரியது: சைக்கிள்காரரின் குடும்பம். அவரது வயது, வருமானம், அவரை நம்பியிருந்தவர்கள் ஆகியவற்றைக் கணக்கிட்டு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் தொகையை நிர்ணயிக்கும். இறந்தவர் இளைஞர் என்றால் தொகை இருபது, முப்பது லட்சத்தை எட்டுவது அபூர்வமல்ல. நிபந்தனை மீறல் என்று சொல்லி இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒதுங்கிக்கொண்டால், சாலையில் எந்தத் தவறும் செய்யாத அந்த விதவைதான் தெருவுக்கு வர வேண்டும்.

இதற்கு 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி காட்டியது. லைசென்ஸ் இல்லை என்று சொன்னால் மட்டும் போதாது. பாலிசிதாரர் தெரிந்தோ அலட்சியத்தாலோ நிபந்தனையை மீறினார் என்பதைக் கம்பெனி நிரூபிக்க வேண்டும். நிரூபித்தாலும், பாதிக்கப்பட்டவருக்கு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி தீர்ப்பாயம் உத்தரவிடலாம். வசூல் என்றால் நோட்டீஸ் அனுப்பிவிட்டுக் காத்திருப்பதல்ல. கலெக்டர் மூலம் நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கலாம். துணிக்கடைக்காரரின் கடைக்கும் வீட்டுக்கும் ஆபத்து வருவது இந்தக் கட்டத்தில்தான். தன் லைசென்ஸ் முடக்கப்பட்டது தனக்குத் தெரியாது என்று அவரால் சொல்லவும் முடியாது. போக்குவரத்து அலுவலகத்தின் ஒரு கடிதம் போதும்.

சம்பளத்துக்கு டிரைவர் வைத்திருப்பவரின் நிலை சற்று வேறு. லைசென்ஸைப் பார்த்து, ஓட்டத் தெரிகிறதா என்று சோதித்து வேலைக்கு வைத்தவர் போக்குவரத்து அலுவலகம்வரை போய் விசாரிக்க வேண்டியதில்லை என்று 2003இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் டிரைவரின் லைசென்ஸ் முடங்கியது தெரிந்தும் சாவியைக் கொடுத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அதோடு 180ஆவது பிரிவின்படி உரிமையாளரும் குற்றவாளி. மைத்துனருக்கு ஒரு நாள் காரை இரவல் கொடுப்பவருக்கும் இது பொருந்தும்.

அமெரிக்காவில் இத்தகைய தண்டனை பெற்றவரின் பிரிமியம் எகிறிவிடும். சில கம்பெனிகள் பாலிசி தரவே மறுக்கும். இந்தியாவில் கட்டாய மூன்றாம் நபர் காப்பீட்டின் பிரிமியம் காரின் இன்ஜின் அளவைப் பொறுத்தது, ஓட்டுபவரின் ஒழுக்கத்தைப் பொறுத்ததல்ல. போக்குவரத்து விதிமீறல்களுக்கு ஏற்பக் கூடுதல் பிரிமியம் வசூலிக்கலாம் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பணிக்குழு 2021 ஜனவரியில் யோசனை சொன்னது. அங்கே தவறுக்கான விலையைத் தவணை தவணையாகக் கட்டுகிறார்கள். இங்கே பிரிமியம் உயராததால் எதுவும் நடக்கவில்லை என்று தோன்றும். விபத்து நடந்த அன்று மொத்தமாகக் கட்ட வேண்டியிருக்கும்.

லைசென்ஸ் முடக்கப்பட்டவருக்கு வழிகள் இல்லாமலில்லை. உத்தரவு தவறென்று கருதினால் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். வேறு ஊரில் புது லைசென்ஸ் எடுப்பது வழியல்ல. அதுவும் 182ஆவது பிரிவின்கீழ் குற்றம், அந்த லைசென்ஸும் செல்லாது. அடுத்த பாலிசிக்கான படிவத்தில் பழைய தண்டனை பற்றிக் கேள்வி இருந்தால் உண்மையை எழுதுவதே நல்லது. மறைத்தது பின்னால் கண்டுபிடிக்கப்பட்டால் பாலிசியே கேள்விக்குறியாகும். தடைக்காலம் முடிந்ததும் லைசென்ஸை முறைப்படி திரும்பப் பெற்று, இடையில் அது காலாவதியாகியிருந்தால் புதுப்பித்துக்கொண்ட பிறகே ஸ்டியரிங்கைத் தொட வேண்டும்.

அதுவரை பஸ் இருக்கிறது, ஆட்டோ இருக்கிறது, மாதச் சம்பளத்துக்கு டிரைவர்கள் இருக்கிறார்கள். மூன்று மாத டிரைவர் சம்பளம் துணிக்கடைக்காரருக்கு அதிகமாகத் தோன்றியிருக்கலாம். தீர்ப்பாயத்தின் உத்தரவு கைக்கு வந்த பிறகு அப்படித் தோன்றாது.