காபிக்கா, நாற்காலிக்கா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் பெங்களூரில் மகன் வீட்டில் இருந்தேன். கல்லூரியில் படிக்கும் பேத்தி, "வா அப்பாயி, இன்னிக்கு உனக்கு நான் காபி வாங்கித் தர்றேன்" என்று பெரிய காபி கடை ஒன்றுக்கு அழைத்துப் போனாள். இரண்டு காபி, பில் கிட்டத்தட்ட 600 ரூபாய். கும்பகோணத்தில் வளர்ந்த நாக்குக்கு அது காபியாகவே தெரியவில்லை. "இந்தக் காசுக்கு அரைக் கிலோ காபித்தூள் வாங்கலாமேடி" என்றேன். "காசு காபிக்கு இல்ல அப்பாயி, உக்காந்திருக்கிறதுக்கு" என்று சிரித்தாள்.

அதற்குப் பிறகுதான் சுற்றிலும் பார்த்தேன். ஒரு பெண் தனியாக மடிக்கணினியோடு இருந்தாள். அவள் கோப்பை எப்போதோ காலியாகிவிட்டது. ஒரு மூலையில் பையனும் பெண்ணும், பக்கத்து மேசையில் இரு வீட்டுப் பெரியவர்கள். பெண் பார்க்கும் படலம் போல. ஒன்றரை மணி நேரம் இருந்தோம். யாரும் யாரையும் எழுந்திரு என்று சொல்லவில்லை.

நம் ஊர் ஓட்டல்களில் காபி அமிர்தம்தான். ஆனால் கடைசி வாய் குடிப்பதற்குள் பின்னால் ஒருவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நெடுஞ்சாலை ஓரத்து டிகிரி காபி கடைகளிலும் அப்படித்தான். பித்தளை டவரா, ஐந்து நிமிடம், அடுத்த கார் வந்துவிடும். அங்கே காபிக்கு மட்டும்தான் காசு.

ஆசிரியர் பயிற்சி முடித்து 1984-ல் வேலையில் சேர்ந்தேன். பள்ளிக்குப் போக வழியில் பஸ் மாற வேண்டும். முக்கால் மணி நேரம் காத்திருப்போம். சார்மார்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்கள். டீச்சர்கள் நாங்கள் மூன்று பேரும் புளியமரத்தடியில் நிற்போம். வரக்கூடாது என்று எங்களை யாரும் தடுக்கவில்லை. ஆனாலும் நாங்கள் போனதில்லை. ஓட்டலில் திரை போட்ட ஃபேமிலி ரூம் இருந்தது. ஃபேமிலி இல்லாமல் ஒருத்தி தனியாகப் போனால் எல்லாத் தலையும் திரும்பும். கையில் சம்பளம் இருந்தும், வேலை பார்த்த காலம் முழுக்க ஒரு நாள்கூட நான் தனியாகக் கடையில் உட்கார்ந்து காபி குடித்ததில்லை.

அதனால்தான் வாட்ஸ்அப் குழுக்களில் "இந்தக் காலத்துப் பிள்ளைகள் காபிக்கு 300 ரூபாய் கொட்டுகிறார்கள்" என்று திட்டும்போது என்னால் முழுதாகத் தலையாட்ட முடியவில்லை. 1996-ல் பெங்களூர் பிரிகேட் சாலையில் கஃபே காபி டே வந்தது. 2012-ல் டாடாவோடு சேர்ந்து ஸ்டார்பக்ஸ் மும்பையில் நுழைந்தது. இவை விற்பது காபியை மட்டும் அல்ல, உட்காரும் இடத்தையும்தான். "யாருக்காகக் காத்திருக்கே?" என்று யாரும் கேட்காத ஒரு நாற்காலி என் பேத்திக்குக் கிடைத்திருக்கிறது. எனக்கு அதில் சந்தோஷமே.

ஆனால் வெளியே வரும்போது இன்னொன்றும் பார்த்தேன். உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் பையன்கள் வெயிலில் வண்டி மேலேயே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களையும் யாரும் தடுக்கவில்லை. விலைப்பட்டியல் தடுத்தது. எங்கள் காலத்துத் திரை போய்விட்டது என்று நினைத்தேன். அது இப்போது விலையாக மாறித் தொங்குகிறது.

வேறு மாதிரியும் நடத்தலாம். காபி வாரியம் தன் காபி ஹவுஸ்களை மூடியபோது, ஏ.கே.கோபாலன் துணையோடு தொழிலாளர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து 1957 முதல் இந்தியன் காபி ஹவுஸை நடத்துகிறார்கள். அதுவும் பல ஊர்களில் கிளை உள்ள கடைதான். திருவனந்தபுரம் தம்பானூரில் லாரி பேக்கர் வடிவமைத்த சுருள் கட்டடத்துக்கு ஒருமுறை என் வீட்டுக்காரரோடு போயிருக்கிறேன். மேலே ஏறிக்கொண்டே போகும் வளைவு, ஓரமாக மேசைகள், தலைப்பாகை கட்டிய பணியாளர்கள். சுமை தூக்குபவர், குமாஸ்தா, கைக்குழந்தையோடு ஒரு தாய், எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். விலை யாரையும் விரட்டவில்லை.

என்னிடம் படித்தவர்களில் சிலர் இன்று ஊராட்சியிலும் நகராட்சியிலும் பொறுப்பில் இருக்கிறீர்கள். டீச்சர் கேட்கிறேன்: பேருந்து நிலையத்தில் நிழல், மின்விசிறி, சுத்தமான கழிவறை, பெண்கள் நிம்மதியாக உட்கார நாலு பெஞ்சு. இதைச் செய்து கொடுங்கள். காசு கொடுத்தால்தான் உட்காரலாம் என்ற நிலை ஊருக்கு நல்லதல்ல.

மற்றவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். அடுத்த முறை அந்தக் கடைக்குப் போகும்போது அம்மாவையும் கூட்டிப் போங்கள். "இதெல்லாம் ஒரு காபியா?" என்றுதான் கேட்பாள். கேட்கட்டும். அவசரப்படுத்தாமல் ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் அஞ்சாம் வகுப்பு டீச்சர்