டி-ஷர்ட்டில் தஞ்சிரோ, தியேட்டரில் தமிழ் டப்பிங்: புதுசா அனிமே பார்ப்பவர்கள் எங்கிருந்து தொடங்கலாம்?

2025 செப்டம்பர் 12 அன்று ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. ஜப்பானிய மொழி, ஆங்கிலம், இந்தியோடு தமிழ், தெலுங்கு டப்பிங்கும் இருந்தது. நண்பர்கள் இழுத்துப் போனதால் முதல்முறையாக ஒரு அனிமே படத்துக்கு டிக்கெட் எடுத்தவர்களும் உண்டு. அவர்களில் பலருக்கு ஒரே சிக்கல்தான்: “யாருடா இவன்? இப்ப ஏன் எல்லாரும் அழுவுறாங்க?”

காரணம் எளிது. அந்தப் படத்துக்கு முன்னால் 63 எபிசோடுகள் இருக்கின்றன. கதையின் பாதிக்கு மேல் தாண்டிய இடத்தில்தான் படமே தொடங்குகிறது.

திருப்பூரில் இந்த அறிமுகம் இன்னொரு வழியிலும் நடக்கிறது. இங்கே சீரிஸுக்கு முன்னால் டி-ஷர்ட் வந்துவிடுகிறது. தோள் இறங்கிய ஓவர்சைஸ்டு டி-ஷர்ட், முதுகு முழுக்க லூஃபியின் வைக்கோல் தொப்பி அல்லது இட்டாச்சியின் சிவப்புக் கண். பனியன் கம்பெனியில் பீஸை மடித்து பேக் செய்பவருக்கு அந்த முகம் பழக்கமாக இருக்கும். பெயர் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

இப்படி உள்ளே வருபவர்களுக்கு ரசிகர் கூட்டம் என்ன பதில் சொல்கிறது, அவர்கள் செலவழிக்கும் பணம் எங்கே போகிறது என்பதைப் பார்ப்போம். தமிழில் அடுத்தடுத்து அனிமே வருமா, வராதா என்பதில் இந்த இரண்டுக்கும் பங்கு இருக்கிறது.

உண்மையிலேயே நீங்கள் புது ஆளா?

அநேகமாக இல்லை. ‘அனிமே’ என்பது ஜப்பானில் தயாராகும் அனிமேஷனைக் குறிக்கும் பொதுப்பெயர். டோரேமான், ஷின்-சான், போகிமான் எல்லாமே அனிமேதான். 1993-ல் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை வந்த மோக்ளி தொடரும் ஜப்பானின் நிப்பான் அனிமேஷன் தயாரித்ததே.

யூகோ சாகோவின் முயற்சியில் இந்திய, ஜப்பானியக் கலைஞர்கள் சேர்ந்து உருவாக்கிய ‘ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’ 2025 ஜனவரி 24-ல் தமிழ் உட்பட நான்கு மொழிகளில் மறுபடியும் திரைக்கு வந்தது.

ஆக, “அனிமேன்னா சின்னப் பசங்க கார்ட்டூன்தானே?” என்ற கேள்விக்குப் பாதி பதில் ‘ஆமாம்’. மீதிப் பாதி, அதே ஜப்பானில் த்ரில்லர், விளையாட்டு, ஆபீஸ் காமெடி, திகில் எல்லாம் அனிமேவாக வருகிறது என்பது.

சரி, எதிலிருந்து தொடங்கலாம்?

‘ஆல் டைம் டாப் 10’ பட்டியல்கள் புதியவர்களுக்குப் பெரிதாக உதவுவதில்லை. அவற்றைப் போடுபவர்கள் நூற்றுக்கணக்கில் பார்த்து முடித்தவர்கள். புதியவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியது இரண்டு கேள்விதான்: எவ்வளவு நேரம் இருக்கு? வழக்கமா எந்த மாதிரி படம் பிடிக்கும்?

* போலீஸ் - திருடன் ஆட்டம் பிடிக்கும் என்றால்: ‘டெத் நோட்’. 2006-ல் தொடங்கிய தொடர், 37 எபிசோடுகளில் முடிந்துவிடும். பெயர் எழுதினால் ஆள் செத்துப்போகும் நோட்டு ஒரு மாணவன் கையில் கிடைக்கிறது. அவனை ஒரு துப்பறிவாளர் துரத்துகிறார்.

* மாஸ் ஹீரோ வேண்டும், தமிழிலேயே வேண்டும் என்றால்: ‘சோலோ லெவலிங்’. கொரிய வெப் நாவல்தான் மூலம். கிரஞ்சிரோலில் தமிழ் டப்பிங் உண்டு. முதல் சீசன் 12 எபிசோடு, இரண்டாவது 13.

* ஊர் கிரவுண்டில் வாலிபால் ஆடியவர் என்றால்: ‘ஹைக்யூ’. உயரம் குறைவான ஒரு பையன் பள்ளி வாலிபால் அணிக்குள் நுழையும் கதை. சண்டை இல்லை, பேய் இல்லை. ஒரு மேட்ச் முடிவதற்குள் நகம் கடித்துவிடுவீர்கள்.

* ஆபீஸ் வெறுத்துப்போச்சு என்றால்: நெட்ஃபிளிக்ஸில் ‘அக்ரெட்சுகோ’. அக்கவுன்ட்ஸ் பிரிவில் வேலை பார்க்கும் சிவப்பு பாண்டா ஒன்று, மேலாளர் மீதுள்ள கோபத்தை கரோக்கி அறையில் கத்திப் பாடித் தீர்த்துக்கொள்ளும். முதல் சீசனில் 10 எபிசோடு, ஒவ்வொன்றும் கால் மணி நேரம்தான்.

* குழந்தைகளோடு பார்க்க: ஜிப்லி ஸ்டூடியோவின் ‘மை நெய்பர் டோட்டோரோ’. 1988-ல் வந்தது, ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

* ஷிப்மென்ட் டென்ஷன் தெரிந்தவர் என்றால்: ‘ஷிரோபாகோ’. அனிமே எப்படித் தயாராகிறது என்பதைப் பற்றியே ஒரு அனிமே. 24 எபிசோடுகள். ஓவியம் ஓரிடம், வண்ணம் ஓரிடம், குரல் ஓரிடம். எல்லோருக்கும் போன் போட்டு, காரில் அலைந்து, ஒளிபரப்பு நாளுக்குள் வேலையை முடிக்க ஓடும் பெண்ணின் கதை. நிட்டிங், டையிங், பிரின்டிங், பவர் டேபிள் என ஓடும் திருப்பூர் மெர்ச்சன்டைசருக்கு விளக்கமே தேவைப்படாது.

தொடக்கத்தில் தள்ளி வைக்கலாம் என்றால் அது ‘ஒன் பீஸ்’. அருமையான கதைதான். ஆனால் 1999-ல் தொடங்கி 1,100 எபிசோடுகளைத் தாண்டிவிட்டது. முதல் வாரத்திலேயே அதில் இறங்குபவர்கள் பாதியில் கழன்றுகொள்ளும் வாய்ப்பு அதிகம். ‘டீமன் ஸ்லேயர்’ பார்க்க ஆசை என்றால் படத்தை விட்டுவிட்டு, 26 எபிசோடு கொண்ட முதல் சீசனுக்குப் போங்கள். ரத்தம் நிறைய, சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம்.

சப்பா, டப்பா?

அனிமே ரசிகர்களின் பழைய பஞ்சாயத்து இது. ஜப்பானியக் குரலோடு சப்டைட்டில் படித்துப் பார்ப்பது ‘சப்’. சொந்த மொழி டப்பிங்கில் பார்ப்பது ‘டப்’. “டப்ல பார்த்தா அது அனிமேவே இல்ல” என்பது தீவிர ரசிகர்களின் கட்சி.

மூலக் குரல் நடிப்புக்குத் தனி அழகு உண்டு என்பதில் சண்டை இல்லை. ஆனால் இங்கே ‘சப்’ என்றால் பெரும்பாலும் ஆங்கில சப்டைட்டில். தமிழ் சப்டைட்டில் கிடைக்கும் தொடர்கள் குறைவு. 12 மணி நேர ஷிஃப்ட் முடித்து, பஸ்ஸில் நின்றபடி, 6 இன்ச் திரையில் வேகமாக ஓடும் ஆங்கில வரிகளைப் படித்தால்தான் ரசிகர் என்று சொன்னால், ஆங்கில மீடியத்தில் படிக்காத பெரும் கூட்டத்தை வாசலிலேயே நிறுத்துவதாக ஆகிவிடும்.

மொழி ரீதியாகவும் தமிழ் டப்பிங்குக்கு ஒரு வசதி இருக்கிறது. ஜப்பானிய மொழியில் ஒருவரை எப்படி அழைக்கிறோம் என்பதிலேயே உறவும் மரியாதையும் தெரிந்துவிடும். தங்கை அண்ணனைப் பெயர் சொல்லாமல் ‘ஒனீ-சான்’ என்பாள். ஆங்கிலத்தில் இது பல நேரம் வெறும் பெயராகிவிடும். தமிழில் ‘அண்ணா’ என்ற ஒரு சொல் போதும். ‘நீ’, ‘நீங்க’ வித்தியாசமும் அப்படியே வரும். மரியாதைக்கு வாக்கியத்துக்கு வாக்கியம் ‘ங்க’ சேர்க்கும் கொங்குத் தமிழ்க்காரர்களுக்கு, வாக்கிய முடிவிலேயே பணிவைக் காட்டும் ஜப்பானிய முறை அந்நியமாகத் தெரியாது.

‘ஃபேன்னா மூணு கேரக்டர் பேர் சொல்லு!’

அனிமே டி-ஷர்ட் போட்டவரை நிறுத்திக் கேட்கப்படும் பரீட்சை இது. உலகம் முழுக்கவே இருக்கிறது. பெண்களிடம் இன்னும் அதிகமாகக் கேட்கப்படுகிறது.

இதற்குப் பின்னால் ஒரு மனநிலை உண்டு. அனிமே பார்ப்பதே கேலிக்குரிய விஷயமாக இருந்த காலத்தில், மங்கலான காப்பிகளைத் தேடித் தேடிப் பார்த்தவர்களுக்கு அது தங்கள் ரகசியச் சொத்து. இன்று அது தெருவுக்குத் தெரு டி-ஷர்ட்டில் தொங்கும்போது, எதையோ இழந்த உணர்வு வருவது இயல்புதான்.

ஆனால் கூட்டம் சேர்ந்ததால் கிடைத்தவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2019-ல் மகோட்டோ ஷின்காயின் ‘வெதரிங் வித் யூ’ இந்தியாவில் வெளியானதற்கு, 50,000-க்கும் மேற்பட்டோர் போட்ட ஆன்லைன் கையெழுத்தே காரணம். 2022-ல் கிரஞ்சிரோல் தன் மாதச் சந்தாவை இந்தியாவுக்கு 79 ரூபாயாகக் குறைத்தது. 2024 பிப்ரவரியில் சென்னைக்கு முதல்முறையாக காமிக் கான் வந்தது. நாலு பேர் மட்டும் பார்க்கும் விஷயமாக இருந்திருந்தால் இவை நடந்திருக்காது.

டி-ஷர்ட்டில் இருக்கும் படம் யாருடையது?

முன்பு டி-ஷர்ட்டில் பல வண்ணப் படம் போட ஸ்கிரீன் பிரின்டிங்தான் வழி. ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு ஸ்கிரீன் செய்ய வேண்டும். ஆயிரக்கணக்கில் அடித்தால்தான் கட்டுப்படியாகும். டிடிஎஃப் முறை வந்தபின் கணக்கு மாறியது. படத்தை ஒரு பிலிமில் அச்சிட்டு, ஒட்டுப் பொடி தூவி, சூடான பிரஸ்ஸில் துணியோடு அழுத்தினால் முடிந்தது. ஒரே ஒரு பீஸ் கூட அடிக்கலாம். இன்ஸ்டாகிராம் பக்கம் ஒன்றும் கொஞ்சம் முதலும் இருந்தால் போதும், யாரும் டி-ஷர்ட் பிராண்ட் தொடங்கிவிடலாம்.

சிக்கலும் இங்கேதான். இணையத்தில் இருந்து இறக்கிய படத்தை உரிமம் இல்லாமல் அச்சடித்து விற்பது, 1957-ம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி குற்றம். ஜப்பானியப் படைப்புகளுக்கும் இங்கே பாதுகாப்பு உண்டு. 63-வது பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம்.

ஏற்றுமதி செய்பவர்களுக்கு உரிமம் என்பது புதிய சொல் அல்ல. டிஸ்னி பாத்திரம் போட்ட துணி தைக்க வேண்டுமென்றால், அந்தத் தொழிற்சாலைக்கு டிஸ்னியின் ‘ஃபாமா’ அனுமதி வேண்டும். அந்த ஒழுங்கு உள்நாட்டுச் சந்தைக்கான சின்னச் சின்ன ஆர்டர்களில் பல நேரம் காணாமல் போகிறது.

அப்படியானால் பச்சை - கருப்புக் கட்டம் போட்ட சட்டை கூட தைக்கக் கூடாதா? இதற்கு ஜப்பானிலேயே ஒரு பதில் கிடைத்தது. ‘டீமன் ஸ்லேயர்’ மாங்காவை வெளியிடும் ஷூயேஷா நிறுவனம், 2020-ல் பாத்திரங்களின் மேலங்கி டிசைன்களை வணிகக் குறியாகப் பதிவு செய்ய விண்ணப்பித்தது. தஞ்சிரோவின் கட்டம் ‘இச்சிமட்சு’ என்ற பழைய பாரம்பரிய டிசைன். நெசூகோ, செனிட்சு டிசைன்களோடு அதையும் ஜப்பான் காப்புரிமை அலுவலகம் 2021-ல் நிராகரித்தது. கியூ, ஷினோபு, ரெங்கோகு ஆகியோரின் டிசைன்களுக்கு மட்டும் அனுமதி தந்தது. பொதுவான கட்டத்தை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. தஞ்சிரோவின் முகத்துக்கு உரிமையாளர் உண்டு.

அந்தப் பணம் எங்கே போகிறது?

பெரும்பாலான அனிமே ‘தயாரிப்புக் குழு’ முறையில் உருவாகிறது. பதிப்பகம், டிவி சேனல், இசை நிறுவனம், பொம்மை கம்பெனி எனப் பலரும் சேர்ந்து முதல் போடுவார்கள். படம் வரையும் ஸ்டூடியோவுக்குப் பல நேரம் பேசிய தொகை மட்டும்தான். படம் ஹிட்டானால் வரும் லாபமும், டி-ஷர்ட், பொம்மை விற்பனையின் பங்கும் முதல் போட்டவர்களுக்கே.

ஸ்டூடியோவுக்குள் போனால் திருப்பூர்க்காரர்களுக்கு இன்னும் பழக்கமான காட்சி. ஓர் அசைவுக்கும் அடுத்த அசைவுக்கும் இடைப்பட்ட படங்களை வரையும் இளம் ஓவியர்கள் பலருக்கு பீஸ் ரேட் தான். ஒரு படத்துக்கு 200 யென் அளவில் கூலி என்று பல ஆண்டுகளாகச் செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. வேலை அதிகமானால் கொரியா, சீனா, வியட்நாமுக்கு ஜாப் ஒர்க் போகும். கியோட்டோ அனிமேஷன் போல மாதச் சம்பளம் கொடுக்கும் ஸ்டூடியோக்களும் உண்டு.

ஜப்பான் அனிமேஷன் சங்கத்தின் அறிக்கைப்படி, 2023-ல் இத்துறையின் மொத்தச் சந்தை சுமார் 3.35 லட்சம் கோடி யென். அதில் பாதிக்கு மேல் வெளிநாட்டில் இருந்து வந்தது. நம்மைப் போன்ற நாடுகளின் ரசிகர்கள் இனி ஓரத்தில் நிற்பவர்கள் இல்லை.

அப்போ என்ன செய்யலாம்?

வாங்கும்போது லேபிளையும் டேக்கையும் பாருங்கள். உரிமம் பெற்ற ‘டீமன் ஸ்லேயர்’ பொருளில் கோயோஹரு கோட்டோகே, ஷூயேஷா, அனிப்ளெக்ஸ், யூஃபோடேபிள் என்ற பெயர்கள் காப்புரிமைக் குறியோடு இருக்கும். இதில் யூஃபோடேபிள்தான் படம் வரைந்த ஸ்டூடியோ. உரிமையில் அதற்கும் இடம் இருக்கிறது என்று பொருள். யூனிக்லோவும் சில இந்திய ஆன்லைன் பிராண்டுகளும் உரிமம் பெற்ற அனிமே டி-ஷர்ட் விற்கின்றன. விலை கூடத்தான். அது முடியாதென்றால், திருட்டுப் பிரின்ட்டுக்குப் பதில் வெறும் கட்டம் போட்ட சட்டை மேல்.

பார்ப்பதற்கும் இதே கணக்கு. டெலிகிராம் லிங்க்கில் எத்தனை பேர் பார்த்தாலும், தமிழில் பார்த்தவர் எண்ணிக்கையில் அது சேராது. கிரஞ்சிரோல், நெட்ஃபிளிக்ஸ் சந்தா எடுக்க முடியாதவர்களுக்கு, மியூஸ் நிறுவனத்தின் யூடியூப் சேனல்களில் சில தொடர்கள் உரிமத்தோடு இலவசமாகவே கிடைக்கின்றன.

ஏற்கெனவே ரசிகராக இருப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. டி-ஷர்ட் போட்டு வரும் புது ஆளிடம் மூன்று பெயர் கேட்பதற்குப் பதிலாக, முதல் சீசன் எந்த ஆப்பில் இருக்கிறது என்று சொல்லிக்கொடுக்கலாம். ‘இன்ஃபினிட்டி காசில்’ மூன்று படங்களில் முதல் படம்தான். மீதி இரண்டும் திரைக்கு வரும்போது தமிழ் டப்பிங்குக்கு எத்தனை காட்சிகள் ஒதுக்கலாம் என்று விநியோகஸ்தர்கள் கணக்குப் போடுவார்கள். டிக்கெட் எடுத்துத் தமிழில் பார்த்தவர்களின் எண்ணிக்கைதான் அந்தக் கணக்கில் நிற்கும்.